ஒளவையார் வேறு, ஔவையார் வேறு: பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் தயார் செய்யும் விதம்

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஆதார், ரேஷன் கார்டு நகல், பிற்பகலில் டி.டி.பி. வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால் ராயக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு தம்பி, நண்பரின் தோளில் கை வைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார். பார்வை கிடையாது. கையில் குரூப் 4 தேர்வுக்கான கைடு. "அக்கா, இதை ஸ்கேன் பண்ணி போனுக்கு அனுப்ப முடியுங்களா? நான் கேட்டுப் படிச்சுக்குவேன்" என்றார். இதென்ன பெரிய வேலை என்று 120 பக்கத்தையும் போட்டு ஒரே பி.டி.எஃப். ஆக அனுப்பிவிட்டேன். சாயங்காலமே போன் வந்தது. "அக்கா, ஒரு வார்த்தைகூடப் படிக்க மாட்டேங்குது. எல்லாமே படமா இருக்குதாம்."

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஸ்கேன் என்பது வெறும் போட்டோ. அதில் நமக்கு எழுத்து தெரியும், போனுக்குத் தெரியாது. போட்டோவிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க வேண்டும், பிரித்ததைத் திருத்த வேண்டும், திருத்தியதை வழி தெரியும்படி அடுக்க வேண்டும். மொத்த வேலையில் ஸ்கேன் செய்வது கால்வாசிகூட இல்லை. இப்போது எங்களோடு ஐந்தாறு பேர் இதைச் செய்கிறோம். புதிதாக வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதி வைக்கிறேன்.

முதலில், ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்னால் தேடுங்கள். யாரோ ஏற்கெனவே செய்து வைத்திருக்கலாம். சங்க இலக்கியம், பழைய நூல்கள் என்றால் 1998இலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்துவரும் மதுரைத் திட்டத்தில் பாருங்கள். நாட்டுடைமையான நூல்கள் பல தமிழ் விக்கிமூலத்தில் எழுத்தாகவே கிடைக்கும். பார்வையற்றவர்களுக்கென்றே 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகம் இருக்கிறது. அமெரிக்காவில் 2002இல் தொடங்கிய புக்ஷேர் என்ற இணைய நூலகமும் இருக்கிறது, அதுவும் தன்னார்வலர்கள் ஸ்கேன் செய்து, பிழை பார்த்துக் கொடுத்த புத்தகங்களால் வளர்ந்ததுதான். ஒரு கதைத் தொகுப்பை மூன்று வாரம் உட்கார்ந்து முடித்த பிறகு அது ஏற்கெனவே இருக்கிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

காப்புரிமை இருக்கிற புத்தகத்தை இப்படிச் செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். செய்யலாம். 2012இல் திருத்திய இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு நூலை மாற்ற இடம் கொடுக்கிறது. லாபம் பார்க்கக் கூடாது, ஆகிற செலவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். உலக அளவில் இதற்கென்றே மராகேஷ் நகரில் 2013இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 2014இல் அதற்கு முதலில் ஒப்புதல் கொடுத்த நாடு நம்முடையது. ஆனால் அந்தக் கோப்பு பார்வையுள்ளவர்கள் கைக்குப் போகக் கூடாது. "சும்மா எங்க குரூப்ல ஒரு தடவை போடுங்கக்கா" என்று கேட்கிற ஆட்கள் வருவார்கள். முகம் பார்க்காமல் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

சரி, ஸ்கேன். கண்ணாடியை முதலில் துடையுங்கள். மற்ற மொழிக்காரர்களுக்குத் தூசி வெறும் தூசி, நமக்கு அது மெய்யெழுத்து. "கல" என்ற எழுத்துகளுக்கு மேலே ஒரு துகள் உட்கார்ந்தால் "கல்" ஆகிவிடும். தாளைத் தானாக இழுக்கிற மெஷினில் அந்த ஒல்லிக் கண்ணாடிப் பட்டையில் ஒரு சின்ன அழுக்கு இருந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழ்வரை கோடு விழும்.

300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். கைடுகளில் வருகிற பொடி எழுத்துக்கு 400 வையுங்கள். கறுப்பு-வெள்ளை வேண்டாம், சாம்பல் நிறத்தில் எடுங்கள். கறுப்பு-வெள்ளையில் மெஷின் ஒவ்வொரு புள்ளியையும் இது மையா, தாளா என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறது. மை மங்கிய புள்ளி எல்லாம் தாளாகிப் போகும், "அம்மா" "அமமா" ஆகும். தாள் மெல்லிசாக இருந்து பின்பக்க எழுத்து தெரிந்தால், பக்கத்துக்குப் பின்னால் ஒரு கறுப்பு சார்ட் தாளைச் செருகுங்கள், பின்பக்கம் அடங்கிவிடும்.

புத்தகத்தின் முதுகுப் பக்கம் எழுத்து வளைந்து உள்ளே போகிறதே, அதுதான் பெரிய தலைவலி. எங்கள் பக்கம் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை. பட்டறையில் கேட்டால் உடைந்த துண்டு சும்மா கொடுப்பார்கள். துணியில் சுற்றி, புத்தகத்தை விரித்து, முந்தின நாள் ராத்திரி மேஜையில் பாரம் வைத்துவிடுங்கள். மேஜையில்தான், ஸ்கேனர் கண்ணாடியின் மேல் அல்ல. நான் புத்திசாலித்தனமாக ஒரு முறை மூடியின் மேலேயே வைத்தேன். புதுக் கண்ணாடி போட்ட செலவை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொந்தப் புத்தகமாக இருந்தால் கட்டிங் மெஷினில் முதுகை வெட்டித் தனித்தாளாக்குவது மிகச் சுலபம். இரவல் புத்தகத்தைக் கேட்காமல் வெட்டாதீர்கள்.

ஸ்கேனர் இல்லாவிட்டால் போனே போதும். ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்துக்கு நேர் மேலே பிடித்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். கோணலாக விழுந்ததை நிமிர்த்தவும், இரட்டைப் பக்கத்தை இரண்டாகப் பிரிக்கவும் ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருள் நன்றாக வேலை செய்யும்.

எடுத்து முடித்ததும் ஒரே ஒரு வேலை: பக்க எண்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போயிருக்கும். ஒரு முறை 64, 65 இரண்டும் விடுபட்டு, 63இன் கடைசி வரியும் 66இன் முதல் வரியும் என்ன மாயமோ ஒன்றோடொன்று பொருந்தி வாக்கியமாகிவிட்டது. யாருமே கவனிக்கவில்லை. ராயக்கோட்டைத் தம்பிதான், "கதையில அந்த அத்தை எப்ப செத்தாங்கக்கா?" என்று கேட்டார்.

எழுத்தைப் பிரித்தெடுக்க இரண்டு வழி இருக்கிறது. கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்துக்குக் கீழே எழுத்து வந்துவிடும். மொத்தப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் கொடுக்காமல், பத்துப் பத்துப் பக்கமாகக் கொடுங்கள். இன்னொன்று டெசராக்ட், இலவசம், கணினியிலேயே வேலை செய்யும், கரண்ட் இருந்தால் போதும், நெட் வேண்டாம். அதில் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே தேர்வு செய்யுங்கள். இல்லாவிட்டால் புத்தகத்தில் வருகிற ஆங்கிலச் சொல்லை எல்லாம் அது எப்படியாவது தமிழாக்கிவிடப் பார்க்கும், படிக்கச் சகிக்காது.

1978க்கு முந்தைய அச்சு என்றால் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த வருஷம் அரசாணை வந்து மாற்றிய 13 எழுத்துகள் அதில் பழைய உருவத்தில் இருக்கும். தும்பிக்கை தூக்கிய லை, னை, சுழித்துப் போன ணா, றா, னா. மெஷின் அவற்றைப் பார்த்ததும் வாய்க்கு வந்ததைப் போடும். அப்படிப்பட்ட புத்தகத்தில் பாதிப் பக்கத்தைக் கையால் அடிப்பதே வேகம் என்பது என் கணக்கு. அத்தியாய எண்ணும் தமிழில் இருந்தால் இன்னொரு கூத்து: ௭ஆம் அத்தியாயம் "எ ஆம் அத்தியாயம்" ஆகிவிடும்.

இனிமேல்தான் வேலையே.

பிழைத்திருத்தம் என்றால் நம் ஆட்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். அது பத்தாது. ஒரு சொல்லைப் பார்த்ததும் கண் தானாகவே சரிசெய்து படித்துவிடும். "வரழைப்பழம்" என்று இருப்பதை வாழைப்பழம் என்று படித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பீர்கள். கால் வாங்குகிற குறியும் ர என்ற எழுத்தும் பல அச்செழுத்தில் ஒன்று போலவே இருக்கும், மெஷின் மாற்றி மாற்றிப் போடும். ஆனால் போன் வ-ர-ழைப்பழம் என்றுதான் சொல்லும், கேட்கிறவர் அதைத்தான் கேட்டாக வேண்டும். அதனால் காதால் திருத்துங்கள். விண்டோஸ் கணினி இருந்தால் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள், திரையில் இருக்கிற எழுத்தை அது வாய்விட்டுப் படிக்கும். அதோடு வருகிற இஸ்பீக் குரலுக்குத் தமிழ் தெரியும். ரோபோ குரல், இனிமை கிடையாது. எனக்கு அதுதான் வேண்டும். இனிமையான குரல் பிழையை மென்று விழுங்கிவிடுகிறது, இந்தக் குரல் எழுத்தை எழுத்தாகத் துப்புகிறது.

பழைய அச்சகங்களில் ஒருவர் மூலப்பிரதியை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் புரூஃப் பார்ப்பார். காப்பி ஹோல்டர் என்பார்கள். எங்கள் முறையும் அதுதான், வாய்விட்டுப் படிக்கிற ஆள் மட்டும் இப்போது மெஷின். நீங்கள் கையில் அச்சுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, விரலால் வரியைத் தொடர்ந்துகொண்டே கேளுங்கள். இடறுகிற இடத்தில் நிறுத்தித் திருத்துங்கள். ஆரம்பத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷம் ஆகும். போகப் போக நாலு நிமிஷத்துக்கு வந்துவிடும்.

இப்போது ஔவையார் கதை. எங்கள் மாவட்டத்தில் ஔவையார் பெயரில்லாமல் ஒரு புத்தகமும் வராது, தகடூர் அதியமான் நெல்லிக்கனி கொடுத்த ஊர் அல்லவா. ஒரு பள்ளிப் பாடத்தைத் திருத்தி முடித்து, திரையில் அழகாக இருக்கிறது என்று அனுப்பினேன். தம்பி கூப்பிட்டார். "அக்கா, யாருங்க அது ஒ-ள-வை-யார்?" திரையில் பார்க்கிறேன், சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் கர்சரை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திப் பார்த்தால், முதல் எழுத்தில் இரண்டு முறை நிற்கிறது. அது ஔ இல்லை. ஒ ஒன்று, பக்கத்தில் ள ஒன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், காதுக்கு வேறு ஆள்.

இதே தொல்லை மௌனம், கௌரவம், பௌர்ணமி, சௌகரியம் எல்லாவற்றிலும் உண்டு. "மெளனம்" என்று ஒற்றைக்கொம்பும் ளவும் போட்டு வைத்திருக்கும். தேடி மாற்றும்போது முழுச் சொல்லாகத் தேடுங்கள். "ஒள" என்று வருவதை எல்லாம் ஔ ஆக்கினால் ஒளியும் ஒளிவுமறைவும் நாசமாகும். "கெள" எல்லாவற்றையும் கௌ ஆக்கினால் கெளுத்தி மீன் செத்துப்போகும்.

மொத்தமாக மாற்றுகிற பட்டனுக்கு நான் இவ்வளவு பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு புத்தகத்தில் எழுத்து என்பது எல்லா இடத்திலும் "எமுத்து" என்று வந்திருந்தது. சரி, மு எல்லாவற்றையும் ழு ஆக்கிவிடலாம் என்று ஒரே அழுத்து. ழுருகன், ழுதலமைச்சர், ழுடிவுரை. முந்நூறு பக்கம். பழைய பிரதியும் எடுத்து வைக்கவில்லை. அதிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் கோப்பைத் தேதி போட்டு இன்னொரு பெயரில் சேமித்துவிடுகிறேன். நீங்களும் செய்யுங்கள்.

காதும் ஏமாறுகிற இடம் உண்டு. தப்பான எழுத்து போட்டும் சரியான சொல்லாகிவிட்டால் குரல் இடறாது. ளவும் னவும் மாறி, அவள் அவன் ஆகிவிடுவான். கதையில் இரண்டு பக்கத்துக்கு ஒரு பெண் மீசை முறுக்கிக்கொண்டிருப்பாள். இதைவிட மோசம் எண்கள். தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965இல். மெஷின் 1985 என்று போட்டால் எந்தக் குரலும் அதைத் தடுக்காது. கேட்கிறவர் அதையே மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதுவார். கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004ஐ 2001 ஆக்கினாலும் அதே கதி. அதனால் எண் வருகிற ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தே ஆக வேண்டும். கைடு புத்தகத்தில் எண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு சுற்றுப் போகிறோம்.

தமிழ் அச்சில் வரி முடிகிற இடத்தில் சொல்லை இணைப்புக்குறி இல்லாமலே உடைப்பார்கள். "பள்ளிக்கூ" ஒரு வரி, "டத்தில்" அடுத்த வரி. எழுத்தெடுத்ததும் அது இடைவெளியோடு இரண்டு சொல்லாக நிற்கும். சேர்த்துவிடுங்கள். பக்கத்தின் தலையில் திரும்பத் திரும்ப வருகிற புத்தகப் பெயரையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வாக்கியத்தின் நடுவில் வந்து அது கத்தும்.

ஆனால் ஆசிரியரைத் திருத்தாதீர்கள். எங்களோடு ஓய்வுபெற்ற தமிழையா ஒருவர் இருக்கிறார். பிழை பார்ப்பதில் புலி. அவரிடம் ஒரு வட்டார நாவலைக் கொடுத்தோம். "வந்துட்டுப் போச்சு" என்று இருந்ததை எல்லாம் "வந்துவிட்டுச் சென்றது" ஆக்கி, ஒற்று எல்லாம் போட்டு, பளபளவென்று திருப்பிக் கொடுத்தார். "ஐயா, அந்தக் கிழவி அப்படிப் பேசாதுங்களே" என்றேன். "அதுக்காகத் தப்பா எழுதலாமா அம்மா?" என்றார். அரை மணி நேரம் காரசாரமாகப் போனது. கடைசியில் டீ வரவழைத்து ஒரு முடிவுக்கு வந்தோம்: தாளில் இருப்பது எதுவோ அதுவே கோப்பிலும். அச்சுக் கோத்தவர் கை தவறியது பச்சையாகத் தெரிந்தால் மட்டும் திருத்தலாம். சந்தேகம் வந்தால் தாள் சொல்வதே சரி. ஐயா ஒப்புக்கொண்டார், ஆனால் இன்றைக்கும் ஒற்று விஷயத்தில் கை அரிக்கிறது என்கிறார்.

பார்வையுள்ளவர் புத்தகத்தைப் புரட்டி ஓர் அத்தியாயத்துக்குப் போவார். கேட்டுப் படிக்கிறவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவார், என்.வி.டி.ஏ.யில் எச் விசையை அழுத்தி. அந்த விசை வேலை செய்ய வேண்டுமானால், தலைப்பை வெறுமனே பெரிதாக்கித் தடித்த எழுத்தில் போட்டால் போதாது. வேர்டில் இருக்கிற தலைப்பு 1, தலைப்பு 2 என்ற ஸ்டைலைக் கொடுக்க வேண்டும். பாகத்துக்கு ஒன்று, அத்தியாயத்துக்கு இரண்டு. ஒவ்வொரு பக்கத் தொடக்கத்திலும் "பக்கம் 84" என்று தனி வரியாக, ஆறாம் நிலைத் தலைப்பாகப் போடுகிறோம். வகுப்பில் ஆசிரியர் 84ஆம் பக்கத்தை எடு என்றால் கேட்டுப் படிக்கிறவரும் மற்றவர்களோடு எடுக்க வேண்டும் இல்லையா. பக்கம் மாறும் இடத்தில் சொல் பாதியில் நின்றால், சொல்லை முடித்துவிட்டு எண்ணைப் போடுங்கள். அடிக்குறிப்பை அது தொடர்புடைய பத்தி முடிந்ததும் "குறிப்பு" என்று தொடங்கி வையுங்கள்.

அட்டவணையை மெஷின் பிய்த்துப் போட்டுவிடும், ஒட்டவைக்க முயலாமல் புதிதாக அடியுங்கள். டேப் தட்டித் தட்டி வரிசைப்படுத்தியது அட்டவணை ஆகாது. வேர்டில் உண்மையான அட்டவணையைச் செருகினால்தான் கட்டம் கட்டமாக நகர்ந்து கேட்க முடியும்.

படங்களுக்கு விவரணை எழுதுவதுதான் எனக்குப் பிடித்த வேலை, அதில்தான் அதிகம் தப்பும் செய்தேன். புவியியல் கைடில் தென்பெண்ணையாற்றின் வரைபடம் ஒன்று வந்தது. நான் எழுதியது: "தமிழ்நாட்டு வரைபடத்தில் ஓர் ஆறு நீல நிறத்தில் காட்டப்பட்டுள்ளது." தம்பி சிரித்தார். "நீலமா இருந்தா எனக்கென்னங்கக்கா, அது எங்க போகுதுன்னு சொல்லுங்க." திருப்பி எழுதினேன்: "படம். தென்பெண்ணையாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தொடங்கி, ஓசூர் அருகே தமிழ்நாட்டில் நுழைகிறது. வழியில் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, பிறகு சாத்தனூர் அணை. கடலூர் அருகே வங்கக் கடலில் சேர்கிறது. படம் முடிந்தது." அந்தப் படம் எதற்காக அங்கே இருக்கிறதோ அதைச் சொன்னால் போதும். பாடத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பதையே காட்டுகிற அலங்காரப் படம் என்றால் "படம்: மாமரம்" என்று ஒரு வார்த்தையோடு நகருங்கள். "படம் முடிந்தது" என்பதை மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நீங்கள் எழுதியது எது, ஆசிரியர் எழுதியது எது என்று தெரியாது.

கோப்பின் பெயரையும் திரைவாசிப்பான் படிக்கும். ஸ்கேன்0001புதுசு-கடைசி-உண்மையான-கடைசி என்று அனுப்பினால் அவருடைய போனில் பத்துக் கோப்புகளுக்கு நடுவில் எது என்ன என்று தடவிக்கொண்டிருப்பார். புத்தகப் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பு ஆண்டு, அவ்வளவுதான். வேர்டு கோப்பாகவும் இ-பப் என்ற மின்புத்தகமாகவும் இரண்டு வடிவத்தில் கொடுக்கிறோம். போனில் கேட்கிறவர்களுக்கு இ-பப் வசதி, குறிப்பெடுத்துப் படிக்கிறவர்களுக்கு வேர்டு.

அனுப்பியதும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முதல் இரண்டு அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு இடறிய இடங்களின் பக்க எண்ணை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். போன வாரம் தம்பியிடமிருந்து வந்த வாய்ஸ் மெசேஜ் இப்படி: "அக்கா, 31, 47, 90. மத்ததெல்லாம் நல்லா இருக்குதுங்க." 31இலும் 90இலும் கால் வாங்கிய ர. 47இல் தேடித் தேடிப் பார்த்தும் பிழை இல்லை. திருப்பிக் கேட்டதற்கு, "பிழை இல்லைங்கக்கா, அந்த ஜோக்கு நல்லா இருந்துச்சு" என்றார்.

முதுகு வெட்டிய புத்தகத்தை அப்படியே கட்டிவைத்துத் திருப்பிக் கொடுக்காதீர்கள், உரியவருக்கு மனசு கஷ்டப்படும். அட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்து, இருபக்கமும் போட்டு, ஸ்பைரல் அடித்துக் கொடுங்கள். எங்கள் தமிழையா தன் புத்தகத்தை வெட்டக் கொடுத்த அன்று வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பைரல் போட்டுக் கொடுத்ததும் மேஜையில் விரித்து வைத்து, கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். மூடிக்கொள்ளாமல் அப்படியே கிடந்தது. மறுநாள் இன்னும் மூன்று புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.